நொய்யல் படுகையில் நிலத்தடி நீர் வரவு – ஒரு கணக்கு

மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு

மழை பெய்தால் கிணற்றில் தண்ணீர் ஊறும் என்பது சிறு பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் பெய்த மழையில் எத்தனை பங்கு ஊறுகிறது என்று கேட்டால், நீரியல் பாடம் படிக்கிற நாமே கொஞ்சம் தயங்குவோம். பாதியாவது இறங்கும் என்பார் ஒருவர். கால் பங்கு என்பார் இன்னொருவர். நம்ம கொங்குப் பகுதியின் பாறை நிலத்தில் உண்மையான அளவு இதைவிட எவ்வளவோ குறைவு. அந்த அளவை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை நொய்யல் ஆற்றுப் படுகையை உதாரணமாக வைத்து இக்கட்டுரையில் பார்ப்போம் நண்பர்களே. சூத்திரம் உண்டு, ஆனால் பெருக்கல் வகுத்தலுக்கு மேல் எதுவும் இல்லை.

1. ஏன் நொய்யல்?

நொய்யல் மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளியங்கிரி மலைப் பகுதியில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியாகக் கிழக்கே ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரருகே காவிரியில் கலக்கிறது. படுகையின் பரப்பு சுமார் 3,500 சதுர கிலோமீட்டர். மலையடிவாரத்தில் நல்ல மழை. கிழக்கே போகப் போக மழை குறைந்துகொண்டே வரும். அடியில் பெரும்பாலும் நைஸ், சார்னோகைட் போன்ற கடினப் பாறை. மேலே சில இடத்தில் செம்மண், சில இடத்தில் கரிசல். வழியெங்கும் அணைக்கட்டுகளும் குளங்களும். நடுவே இரண்டு பெரிய தொழில் நகரங்கள். நிலத்தடி நீர்க் கணக்கில் வரக்கூடிய சிக்கல்கள் அத்தனையும் இந்த ஒரே படுகையில் இருக்கின்றன. பாடம் படிக்க இதைவிட நல்ல இடம் எது?

2. எல்லையைப் போடுவது

முதல் வேலை எல்லை வரைவது. தாலுகா எல்லையோ மாவட்ட எல்லையோ தண்ணீருக்குத் தெரியாது. சர்வே ஆஃப் இந்தியாவின் டோப்போ ஷீட்டை எடுத்து, சமஉயரக் கோடுகளைப் பார்த்து, மேட்டு முகடுகளை இணைத்தால் நீர்வடிப் பகுதியின் எல்லை கிடைக்கும். முகட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்த மழை இந்த ஓடைக்கு, அந்தப் பக்கம் விழுந்தது அந்த ஓடைக்கு. கடினப் பாறைப் பகுதியில் நிலத்தடி நீரும் ஏறக்குறைய இதே எல்லைக்குள்தான் நகரும் என்று எடுத்துக்கொள்ளலாம். அதனால்தான் இப்படிப்பட்ட நிலத்துக்கு நீர்வடிப் பகுதியே சரியான அலகு. தமிழ்நாட்டில் அரசுக் கணக்கு பிர்க்கா வாரியாக வெளியிடப்படுகிறது. நிர்வாகத்துக்கு அது வசதி. ஆனால் ஒரே பிர்க்கா இரண்டு ஓடைகளின் பகுதியில் கிடந்தால் கூட்டிக் கழிக்க வேண்டிவரும் என்பதை நினைவில் வையுங்கள்.

எல்லை போட்ட பிறகு, சரிவு 20 சதவீதத்துக்கு மேல் உள்ள மலைப் பகுதியைக் கழித்துவிட வேண்டும். அங்கே விழும் மழை நின்று இறங்குவதில்லை, ஓடிவிடுகிறது.

மழை அளவிலும் கவனம் தேவை. மலையடிவார மழைமானியின் அளவை வைத்துக் கிழக்கே இருக்கிற வறண்ட பகுதிக்குக் கணக்குப் போட முடியாது. நாம் படித்த தீசன் பலகோண முறை இங்கேதான் உதவும். ஒவ்வொரு மழைமானிக்கும் உரிய பரப்பைப் பிரித்து, பரப்புக்கேற்ற சராசரி எடுக்க வேண்டும்.

3. இரண்டு வழிகள்

இந்தியாவில் நிலத்தடி நீர் மதிப்பீட்டுக்கென்று அமைக்கப்பட்ட குழுக்கள் 1984, 1997, 2015 ஆகிய ஆண்டுகளில் முறைகளை வகுத்தன. இவற்றின் அடிப்படை இரண்டு வழிகள்தான்.

முதல் வழி, நீர்மட்ட ஏற்ற இறக்க முறை. மழைக்கு முன் கிணற்று நீர்மட்டம் எங்கே இருந்தது, மழைக்குப் பின் எங்கே வந்தது என்று பார்ப்பது.

மழைக்கால மொத்த வரவு = (மட்டம் ஏறிய உயரம் × நீர் விடுதிறன் × பரப்பு) + அந்தக் காலத்தில் இறைத்த அளவு

இதில் நீர் விடுதிறன் என்று நான் சொல்வது பாடத்தில் வரும் ஸ்பெசிஃபிக் யீல்டு. நனைந்த ஒரு கன மீட்டர் பாறையைத் தானாக வடிய விட்டால் எவ்வளவு தண்ணீர் விடும் என்பதன் விகிதம். ஆற்று மணலுக்கு இது அதிகம். 1997 குழுவின் பட்டியலில் மணற்பாங்கான வண்டலுக்கு 16 சதவீதம். களிமண் கலந்த சிதைந்த நைஸ் பாறைக்கு வெறும் 1.5 சதவீதம். களிமண் குறைவாக இருந்தால் 3 சதவீதம். உடைசல் இல்லாத கெட்டிப் பாறைக்கு 0.3 சதவீதம். அதாவது நம்ம ஊர்க் கிணற்றில் ஒரு மீட்டர் மட்டம் ஏறினால், சுற்றியுள்ள நிலத்தில் உண்மையில் சேர்ந்த தண்ணீர் 15 மில்லிமீட்டர்தான். கிணறு நிறைந்திருக்கிறதே என்று பார்த்து ஏமாறக்கூடாது.

இரண்டாம் வழி, மழை ஊடுருவல் முறை. இது சுலபம்.

மழையால் வந்த வரவு = மழை அளவு × ஊடுருவல் விகிதம் × பரப்பு

ஊடுருவல் விகிதம் 1997 பட்டியலின்படி: கிழக்குக் கரை வண்டல் 16 சதவீதம், களி குறைந்த சிதைந்த நைஸ் 11 சதவீதம், களி மிகுந்த நைஸ் 8 சதவீதம், சார்னோகைட் வகை 5 சதவீதம், கெட்டிப் பாறை 1 சதவீதம். 2015 குழு இந்தப் பட்டியலைப் பாறை வகைவாரியாக மேலும் விரித்தது. வழி மாறவில்லை.

4. மாதிரிக் கணக்கு

நொய்யலில் சேரும் ஒரு சின்ன ஓடையின் நீர்வடிப் பகுதி என்று கற்பனை செய்துகொள்வோம். எண்கள் நான் வைத்தவை, ஆனால் நம்ம பகுதிக்குப் பொருந்தும்படி வைத்திருக்கிறேன்.

மலை நீங்கிய பரப்பு: 40 சதுர கி.மீ.
ஜூன் முதல் டிசம்பர் வரை மழை: 500 மி.மீ.
பாறை: களி கலந்த சிதைந்த நைஸ்
மே மாத நீர்மட்டம்: தரையிலிருந்து 12.5 மீட்டர் ஆழம்
ஜனவரி நீர்மட்டம்: 10.5 மீட்டர் ஆழம்
ஓடுகிற கிணறுகள்: 150
குளத்தின் சராசரி நீர்ப்பரப்பு: 20 ஹெக்டேர், தண்ணீர் நின்ற நாள்: 100

மட்டம் ஏறியது 2 மீட்டர். எனவே 2 × 0.015 × 4 கோடி சதுர மீட்டர் = 12 லட்சம் கன மீட்டர்.

அடுத்து இறைப்பு. ஒரு மோட்டார் வினாடிக்கு 5 லிட்டர் எடுக்கிறது, தினம் 4 மணி நேரம் ஓடுகிறது என்றால் ஒரு நாளைக்கு 72 கன மீட்டர். மழைக்காலத்தில் 60 நாள் ஓடினால் 150 கிணறுகளுக்கும் சேர்த்து 6.48 லட்சம் கன மீட்டர். இரண்டையும் கூட்டினால் மொத்த வரவு 18.48 லட்சம்.

இது எல்லாமே மழை தந்தது அல்ல. குளத்திலிருந்து இறங்கியது, நீர்ப்பரப்பில் நாளுக்கு 1.4 மி.மீ. வீதம் 0.28 லட்சம். வயலுக்குப் பாய்ச்சிய கிணற்று நீரில் ஒரு பங்கு மறுபடி கீழே இறங்கும். நெல் அல்லாத பயிர், நீர்மட்டம் 10 முதல் 25 மீட்டர் ஆழம் என்றால் 15 சதவீதம், அதாவது 0.97 லட்சம். இவற்றைக் கழித்தால் மழை மட்டும் தந்தது 17.23 லட்சம் கன மீட்டர்.

இப்போது இரண்டாம் வழியில் சரி பார்ப்போம். 0.5 மீட்டர் × 0.08 × 4 கோடி = 16 லட்சம் கன மீட்டர். வித்தியாசம் சுமார் 8 சதவீதம். இரண்டு விடைக்கும் இடையே 20 சதவீதத்துக்குள் வித்தியாசம் இருந்தால் முதல் வழியின் விடையையே எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. வித்தியாசம் அதைத் தாண்டினால், ஊடுருவல் முறையின் விடையை 1.2 மடங்காகவோ 0.8 மடங்காகவோ மட்டும் எடுக்க வேண்டும். அளந்ததில் ஏதோ கோளாறு இருக்கலாம் என்ற எச்சரிக்கைதான் காரணம்.

17.23 லட்சம் என்பது பெரிய எண்ணாகத் தெரியும். 40 சதுர கி.மீ. பரப்பில் விரித்துப் பாருங்கள், 43 மில்லிமீட்டர்! பெய்த 500-ல் 43 மட்டும். ஒரு ஏக்கருக்கு 174 கன மீட்டர் வருகிறது. நாம் மேலே சொன்ன அதே மோட்டார் அதைப் பத்து மணி நேரத்தில் இறைத்து முடித்துவிடும். ஒரு ஏக்கர் நிலம் ஒரு பருவம் முழுக்க மழையில் நனைந்து சேர்த்த சேமிப்பு, மோட்டாரின் பத்து மணி நேர வேலை. இந்த வரியை எழுதும்போது எனக்கே கொஞ்சம் பகீர் என்றது.

5. வரவும் செலவும்

அடுத்து ஆண்டுக் கணக்கு. மழை இல்லாத மாதங்களில் இன்னும் 120 நாள் மோட்டார் ஓடுகிறது என்றால், ஆண்டு இறைப்பு மொத்தம் 19.44 லட்சம். அந்த 120 நாள் பாசனத்தில் திரும்பி இறங்குவது 1.94 லட்சம். கோடை மழை ஆண்டு மழையில் 10 சதவீதத்துக்குக் குறைவானால் அதைப் பூஜ்யமாக எடுப்பது வழக்கம். நம்ம பக்கம் கோடை மழை அதைவிடக் கூடவே வரும் என்றாலும், கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று இங்கே விட்டுவிடுகிறேன். ஆக ஆண்டு வரவு 20.42 லட்சம். ஓடைக்கும் ஆற்றுக்கும் இயல்பாகக் கசிந்து போவதற்கு 5 சதவீதம் ஒதுக்கினால், எடுக்கக்கூடியது 19.40 லட்சம்.

செலவு 19.44, வரவு 19.40. நூறு சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அரசு வகைப்பாட்டில் 70 சதவீதம் வரை பாதுகாப்பானது, 70 முதல் 90 வரை ஓரளவு அபாயம், 90 முதல் 100 வரை அபாயம், 100-க்கு மேல் அளவுக்கு மீறிய பயன்பாடு. நம் கற்பனை ஓடை கடைசி வகையில் விழுகிறது. இதே ஊரில் ஒவ்வொரு கிணற்றுக்காரரும் கோடையில் 10 நாள் மட்டும் குறைத்து ஓட்டினால் விகிதம் சுமார் 95-க்கு இறங்கும். அபாயம்தான், ஆனாலும் வரவுக்குள் செலவு வந்துவிடும்.

இன்னொரு விஷயம். நம்ம ஊர்களில் கிணறு வற்றினால் போர் போடுவார்கள். பக்கத்துத் தோட்டத்தில் 600 அடி என்றால் இங்கே 1000 அடி. நகையை அடகு வைத்துப் போடுகிறவர்களும் உண்டு. எங்க வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தது. மேலே உள்ள கணக்கில் போரின் ஆழம் எங்காவது வருகிறதா பாருங்கள். வரவே இல்லை. மழை, பாறை, பரப்பு, இவைதான் வரவைத் தீர்மானிக்கின்றன. ஆழமாகப் போட்டால் பழைய இருப்பை எடுக்கலாம், அல்லது பக்கத்துக்காரர் எடுக்க வேண்டியதை நாம் எடுக்கலாம். ஆண்டு வரவு ஒரு சொட்டும் கூடாது.

6. இறைப்பை எப்படி அறிவது?

எல்லாவற்றிலும் கஷ்டமான எண் இதுதான். விவசாய மோட்டாருக்கு மீட்டர் பார்த்துக் கணக்கெடுப்பது என்பது நம்ம பக்கம் நடக்கிற காரியம் இல்லை. விவசாயிகளைக் கேட்பதே வழி. எங்க அப்பா பள்ளிக்கூடம் போனவர் இல்லை. ஆனால் கிணற்றைப் பற்றிக் கேட்டால், "வைகாசியில ஒரு மணி நேரம் ஓட்டினா அடி தெரிஞ்சிரும், மறுபடி ஊற ஒரு ராத்திரி ஆகும். கார்த்திகையில மூணு மணி நேரம் தாராளமா ஓடும்" என்று மாதவாரியாகச் சொல்லுவார். நாம் எழுதும் அட்டவணையில் இறைப்பு நேரம், மீட்சி நேரம் என்று இரண்டு கட்டங்கள் உண்டு. அவர் சொன்னது அப்படியே அந்தக் கட்டங்களில் உட்கார்ந்துவிடும். வாளியும் கடிகாரமும் வைத்து மோட்டார் தண்ணீரை ஒரு தடவை அளந்துகொண்டால் மீதிக் கணக்கு நம்முடையது. சர்வேக்குப் போகிற தோழர்கள் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசத் தயங்கவேண்டாம். இந்தத் தகவல் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

7. உப்பை வைத்துக் கணக்கிடுவது – நொய்யலில் அது ஏன் பலிக்காது?

மூன்றாவதாக ஓர் அழகான வழி இருக்கிறது. மழை நீரில் மிகச் சிறிதளவு குளோரைடு உப்பு உண்டு. தண்ணீர் ஆவியாகும், செடி உறிஞ்சும். உப்பு மட்டும் பின்தங்கி, மீதித் தண்ணீரோடு கீழே இறங்கும். ஆகவே நிலத்தடி நீர் எத்தனை மடங்கு உப்பாக இருக்கிறதோ, அத்தனை மடங்கு மழை சுருங்கியிருக்கிறது.

வரவு = மழை அளவு × மழை நீரின் குளோரைடு ÷ நிலத்தடி நீரின் குளோரைடு

மழை 600 மி.மீ., மழை நீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம், கிணற்றில் 60 மில்லிகிராம் என்றால் வரவு 30 மி.மீ. கிணறு எதையும் தொடர்ந்து கண்காணிக்க வேண்டாம், இரண்டு பாட்டில் தண்ணீர் போதும்.

ஆனால் ஒரு நிபந்தனை. குளோரைடு மழையிலிருந்து மட்டுமே வந்திருக்க வேண்டும். திருப்பூருக்குக் கீழே இந்த நிபந்தனை உடைந்துவிட்டது. துணிக்குச் சாயம் ஏற்ற உப்பு வேண்டும். பல ஆண்டுகள் அந்த உப்புக் கழிவு நொய்யலில் கலந்தது. பாசனத்துக்காக 1992-ல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமாக ஆனது. சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பேறின. 2011-ல் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டதும், கழிவை வெளியே விடாத முறைக்கு ஆலைகள் மாற வேண்டியிருந்ததும் நாம் அறிந்ததே. அப்படி உப்பேறிய கிணற்றில் 2,000 மில்லிகிராம் குளோரைடு என்று வைத்துக்கொண்டு சூத்திரத்தில் போட்டால் வரவு 0.9 மி.மீ. என்று வரும். மழையே இறங்கவில்லை என்று அர்த்தமா? இல்லை. சூத்திரம் சரி, அதைப் போட்ட இடம் தப்பு. எந்தச் சூத்திரத்துக்கும் முன்னால் அதன் நிபந்தனையைப் படிக்க வேண்டும் என்பதற்கு நம்ம ஆறே சாட்சி.

மேலே கோவையிலும் ஒரு சிக்கல் உண்டு. நகரத்துக்குக் குடிநீர் சிறுவாணியிலிருந்தும் பில்லூரிலிருந்தும் வருகிறது. இவை இரண்டும் பவானிப் படுகையைச் சேர்ந்தவை. வந்த நீரில் குழாய்க் கசிவாகவும் செப்டிக் டேங்க் வழியாகவும் ஒரு பகுதி நொய்யல் படுகையின் மண்ணில் இறங்குகிறது. நகரக் குளங்களில் சாக்கடை நீர் சேர்வதால் மழை இல்லாத மாதத்திலும் ஊறல் நடக்கிறது. கிணற்று மட்டம் ஏறியதைப் பார்த்து மழையின் கொடை என்று எழுதிவிட முடியாது. அளவு கூடினால் தரமும் கூடியது என்றும் பொருள் இல்லை.

8. கசிவு வீணா, வரவா?

பாசனப் பாடத்தில் வாய்க்கால் கசிவை நஷ்டம் என்று படித்திருக்கிறோம். கான்கிரீட் பூச்சு போட்டால் கசிவு மண் வாய்க்காலில் இருப்பதில் 20 சதவீதமாகக் குறையும் என்று 1997 விதி சொல்கிறது. கடைமடைக்காரருக்கு இது நல்ல செய்தி. வாய்க்காலுக்குப் பக்கத்தில் கிணறு வைத்திருப்பவருக்கோ வரவில் ஐந்தில் நாலு பங்கு போச்சு. கீழ்ப்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் விஷயத்தில் விவசாயிகள் இரண்டு பக்கமாக நின்றதற்குப் பின்னால் இருப்பது இந்த ஒரு எண்தான். இரண்டு பேர் சொல்வதும் கணக்குப்படி உண்மை.

அதேபோல அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது. பவானியின் உபரி நீர் 1.5 டி.எம்.சி.யை, காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து பம்ப் செய்து 1,045 குளம் குட்டைகளில் நிரப்புவது திட்டம். 1.5 டி.எம்.சி. என்றால் சுமார் 4.25 கோடி கன மீட்டர். இதில் எவ்வளவு மண்ணுக்குள் போகும்? கசிவுக் குட்டையாக நன்றாக அமைந்தால் கொள்ளளவில் பாதியை வரவாக எடுக்கலாம் என்பது விதி. அடியில் வண்டல் படிந்த பழைய குளமானால் நாளுக்கு 1.4 மி.மீ.தான். வெயில் உறிஞ்சுவது அதைவிட அதிகமாக இருக்கும். ஆகவே தண்ணீர் கொண்டுவருவது பாதி வேலை. குளத்தின் அடியைத் தூர் வாரி வைப்பது மறு பாதி.

9. நாம் செய்யக்கூடியது

இதற்கு லேபரட்டரி வேண்டாம். ஒரு அளவு டேப், நுனியில் கட்ட ஒரு சின்ன எடை, ஒரு நோட்டு.

– உங்க ஊரில் மூன்று நான்கு திறந்தவெளிக் கிணறுகளைத் தேர்ந்தெடுங்கள். ஆழ்துளைப் போர் வேண்டாம். அதில் தெரியும் மட்டம் ஆழத்துப் பாறை வெடிப்பின் அழுத்தத்தைக் காட்டலாம்.
– காலையில் மோட்டார் போடும் முன்பு அளக்க வேண்டும். இரவெல்லாம் ஊறி நின்ற மட்டமே கணக்குக்கு உரியது.
– கைப்பிடிச் சுவரின் உயரத்தைக் கழித்து, தரையிலிருந்து ஆழத்தை எழுதுங்கள்.
– மே மாதம் ஒன்று, ஜனவரி ஒன்று கட்டாயம். முடிந்தால் ஆகஸ்டும் நவம்பரும்.
– கிணறு வெட்டிய மண்மேட்டைப் பாருங்கள். எத்தனை அடி மண், எத்தனை அடி சிதைந்த பாறை, எங்கே கெட்டிப் பாறை என்று வெட்டிய ஆளுக்கு நினைவிருக்கும், கேட்டு எழுதுங்கள். நீர் விடுதிறனைத் தேர்ந்தெடுக்க இதுவே ஆதாரம். 1.5-க்குப் பதில் 3 என்று போட்டால், மட்ட ஏற்றத்தால் வரும் 12 லட்சம் 24 லட்சமாகிவிடும்!

நம்மில் பலர் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வருகிறோம். ஆளுக்கு ஓர் ஊர், ஊருக்கு மூன்று கிணறு என்று மூன்று வருடம் அளந்தாலே இந்தப் படுகைக்கு ஒரு நல்ல பதிவு சேர்ந்துவிடும். நாங்கள் முடித்துப் போனபின் ஜூனியர்கள் அதே கிணறுகளைத் தொடர்ந்து அளக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கிணறு மாறினால் கணக்கு அறுந்துவிடும்.

போர் போடலாமா என்று உங்க வீட்டிலும் பேச்சு வரும். அப்போது டிப்ளமோ படிக்கிற பிள்ளையைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். நோட்டில் இரண்டு வருட மட்டம் எழுதியிருந்தால் ஏக்கருக்கு இத்தனைதான் வரவு என்று காட்டி, கடன் வாங்கும் முன் ஒரு வார்த்தை சொல்ல முடியும். வருகிற மே மாதம் பரீட்சை முடிந்ததும் டேப்பை எடுங்கள்.